நெறி தெரிந்தார், வந்த வழி தெரியார்

கற்றல் வேறு; நெட்டுருப் போடுதல் வேறு. தமிழ் படித்தார் எவரும் இவ்வேறுபாட்டை அறிவர். நூற்பாவை மட்டும் ஒப்பித்து, உரையும் எடுத்துக்காட்டும் அறியாத மாணவன், பாடத்தில் கண்ட புணர்ச்சியைப் பிழையின்றிப் பிரித்துவிடுவான். பாடத்தில் காணாத புணர்ச்சி ஒன்று எதிர்ப்படின் விழிப்பான். இலக்கண வகுப்பில் இக்குறையைக் கண்டு நகைப்போர் பலர். ஆயின் இதே குறை, அறிவியலின் முடிமேல் வைத்துப் போற்றப்படும் ஒரு துறையில், குறை என்றே எண்ணப்படாமல் நடமாடி வருகின்றது. அத்துறை குவையப் புலக்கொள்கை. பாடநூல்கள் குவாண்டம் என்று எழுதுவதே ஈண்டுக் குவையம் எனப்பட்டது. அத்துறை மாணவர் நாள்தோறும் கையாளும் கருவிக்குப் பெயின்மன் நெறிகள் என்று பெயர்.

நெறிகள் யாவை என்பதை முதலில் காண்க. எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னி ஒன்று, மற்றோர் எதிர்மின்னியை நெருங்கிச் சிதறுகின்றது. இன்ன கோணத்தில் சிதறுதற்கு நிகழ்தகவு எவ்வளவு? இதற்கு விடை காணப் புகும் மாணவன் தாளில் சில கோடுகளை வரைகின்றான்; கோடுகள் கூடுமிடத்தில் புள்ளி வைக்கின்றான். அப்புள்ளியைக் கணு எனலாம். பின்னர்ப் பட்டியலைப் பார்க்கின்றான். உள்கோடு ஒவ்வொன்றிற்கும் இன்ன கோவையை எழுதுக. கணு ஒவ்வொன்றிற்கும் இன்ன எண்ணால் பெருக்குக. மூடிய வளையம் இருப்பின் அதனுள் ஓடும் உந்தத்தின்மேல் தொகையிடுக. அவ்வளையம் எதிர்மின்னியின் வளையமாயின் முன்னால் ஒரு கழித்தற்குறி இடுக. படத்தின் சமச்சீர்க்கேற்ப இன்ன எண்ணால் வகுக்க. வெளிமுனைகளோடு தொடர்பின்றித் தனித்து நிற்கும் துண்டுகளை விட்டுவிடுக. இவ்வளவே. பட்டியல் ஒரு பக்கத்துள் அடங்கும். ஒரு மாலைப்பொழுதில் அதனை உருப்போட்டு, மறுநாட் காலையில் கணக்குப் போடலாம். விடையும் பிழையின்றி வரும். விடை பிழையின்றி வந்துவிடுவதே இங்குள்ள கேடு.

ஏனெனில், இக்கழித்தற்குறியை ஏன் இட்டாய் என்று அம்மாணவனை வினவின், நெறி அவ்வாறு கூறுகின்றது என்பான். நெறி ஏன் அவ்வாறு கூறுகின்றது எனின், பெயின்மன் அவ்வாறு கூறினார் என்பான். பெரியோர் மொழிந்தார் என்பதையே முடிந்த முடிபாகக் கொள்ளும் பழக்கத்தை எதிர்த்து வளர்ந்தது அறிவியல். அவ்வறிவியலின் உச்சியில் அதே பழக்கம் குடிபுகுந்திருக்கின்றது.

பெயின்மன்தாமும் இந்நெறிகளை எங்ஙனம் முதன்முதல் அவையேற்றினார் என்பது அறியத்தக்கது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் போக்கோனோ மலைப்பகுதியில் இயற்பியல் வல்லார் கூடினர். சூலியன் சுவிங்கர் ஏறத்தாழ ஒருநாள் முழுதும் நின்று, புலங்களின் சமன்பாடுகளிலிருந்து அடியடியாகத் தம் முறையை நிறுவிக் காட்டினார். அவருக்குப்பின் எழுந்த இரிச்சர்டு பெயின்மன், தம் படங்களையும் நெறிகளையும் முன்வைத்தார். அவை எங்கிருந்து வந்தன என்பதை அவையோர் ஏற்கும் வண்ணம் காட்டினாரல்லர். அவை ஏற்கவில்லை. குவையக் கொள்கையில் துகளுக்கு வரையறுத்த தடம் இல்லை என்பது முன்னரே முடிந்த செய்தி, இவரோ கோடு கிழிக்கின்றாரே என்று நீல்சு போர் கடிந்தார். நிகழக்கூடியவை அனைத்தின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் தொகை ஒன்றாக நிற்குமா என்னும் கருத்துப்படப் பால் திராக் ஒரு கேள்வி கேட்டார். பெயின்மனிடம் அன்று அதற்கு விடை இல்லை. இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொள்க. பதினான்கு ஆண்டு கழித்து அது மீண்டும் வரும்.

போர் கடிந்தது பிழைபட்ட புரிதலால். பெயின்மன் கிழித்த கோடு துகள் சென்ற தடம் அன்று. ஆயின் தடம் அன்று என்று தெளிவிக்க வேண்டுமாயின், அக்கோடு எதிலிருந்து பிறந்தது என்று காட்டியாக வேண்டும். காட்டாதவரை போருடைய ஐயம் முறையான ஐயமே. இன்று பட்டியலை உருப்போடும் மாணவனும் அக்கோட்டைத் தடம் என்றே கருதுகின்றான். எக்கருத்தைக் கண்டு போர் வெகுண்டாரோ, அக்கருத்தையே இவன் மகிழ்ந்து ஏற்றுக்கொள்கின்றான், வேறுபாடு அவ்வளவே.

இடைவெளியை அடைத்தவர் பிரீமன் தைசன். ஆங்கில நாட்டிலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்திற்குக் கற்க வந்த 24 அகவை இளைஞர். 1948 கோடையில் பெயின்மனோடு மகிழுந்தில் நெடுவழி சென்றார். பின்னர் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் சுவிங்கரின் பாடங்களைக் கேட்டார். செப்தம்பரில் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கிப் பேருந்தில் திரும்பும்போது, நெபிராசுகா வழியாக வருகையில், இருவர் முறையும் ஒன்றே என்பது அவருக்குப் புலனாயிற்று. சப்பானியராகிய தொமொனாகா தனித்துக் கண்ட முறையும் அதனோடு ஒத்தது. இதனை நிறுவிய தைசனின் கட்டுரை 1949 பிப்பிரவரியில் பிசிக்கல் ரிவியூ இதழில் வெளிவந்தது. பெயின்மனின் சொந்தக் கட்டுரைகள் அவ்வாண்டு செப்தம்பரில்தான் அவ்விதழில் வந்தன. அவற்றிற்குரிய கணக்கியல் நிறுவலை அவர் 1950இல் தனியே வெளியிட்டார். நூற்பாவிற்கு முன்னர் உரை அச்சேறிய புதுமை இது! எனினும் நூற்பாவைக் கற்றோர் தொகை பெருகியது. உரையைக் கற்றோர் தொகை அவ்வாறு பெருகவில்லை. 1965இல் நோபல் பரிசு தொமொனாகா, சுவிங்கர், பெயின்மன் ஆகிய மூவர்க்கும் வழங்கப்பட்டது. உரை கண்ட தைசனுக்கு அதில் பங்கில்லை.

அவ்வுரைதான் யாது? எளிய ஓர் எடுத்துக்காட்டால் அதனைக் காணலாம்; மாணவர்க்கு முதலில் கொடுக்கத் தக்கதும் அதுவே. ஒரேயொரு வகைப் புலம் இருப்பதாகக் கொள்க. அது தன்னொடு தானே நான்கு நான்காகக் கூடி இடைவினை புரிகின்றது. புலத்தை நான்குமுறை பெருக்கி, 24ஆல் வகுத்து, வலிமையெண் ஒன்றால் பெருக்கினால் அவ்விடைவினையின் கோவை கிடைக்கும். 24 என்பது நான்கு பொருள்களை வரிசைப்படுத்தும் வகைகளின் தொகை. வலிமையெண் மிகச் சிறியது. ஆகலின் இடைவினையே இல்லாத நிலையைத் தொடக்கமாகக் கொண்டு, ஒருமுறை இடைவினை நிகழ்ந்தால் என்னாகும், இருமுறை நிகழ்ந்தால் என்னாகும் எனத் தொடராக எழுதிச் செல்லலாம். இத்தொடரில் முன்னிகழ்வது வலப்புறமும் பின்னிகழ்வது இடப்புறமுமாகக் கால வரிசையில் நிற்றல் வேண்டும். தைசன் தொடர் என்று இதற்குப் பெயர்.

இனி இத்தொடரில் ஓர் உறுப்பை எடுக்க. அதில் புலங்கள் அடுத்தடுத்துப் பெருக்கி நிற்கின்றன. ஒவ்வொரு புலத்துள்ளும் துகளை ஆக்கும் கூறு ஒன்றும், அழிக்கும் கூறு ஒன்றும் உண்டு. துகளே இல்லாத வெறுவெளியில் அழித்தற்கு ஒன்றும் இல்லை. எனவே அழிக்கும் கூறு வலக்கோடியை அடைந்தால் அவ்வுறுப்புச் சுழியாகிவிடும். ஆகலின் அழிக்கும் கூறுகளை ஒவ்வொன்றாக வலப்புறம் நகர்த்துதல் வேண்டும். நகரும் வழியில் ஆக்கும் கூறு ஒன்றைக் கடக்க நேரின், சுங்கச் சாவடியில் இறுக்கும் காசு போலக் கடந்ததற்கு ஒரு கோவை எஞ்சும். எல்லாம் நகர்ந்து முடிந்தபின் நிற்பவை இவ்வெச்சங்களே. இவற்றைத் தொகுத்து நோக்கிய இத்தாலிய நாட்டறிஞர் விக், 1950இல் வெளியிட்ட தேற்றம் இது: புலங்களை இரண்டிரண்டாக எத்தனை வகையில் இணைக்கக்கூடுமோ அத்தனை வகையிலும் இணைத்துக் கூட்டுக, அதுவே விடை. தேற்றம் எளிது, ஆனால் அதனை ஒருமுறையேனும் கையால் செய்து பாராதவர்க்கு அதன் எளிமை விளங்காது.

தொடக்கத்தில் ஒரு முனை, முடிவில் ஒரு முனை, இடையில் ஒரே ஓர் இடைவினை. முனைகளில் புலம் இரண்டு, இடைவினையில் நான்கு, ஆக ஆறு. ஆறு மாணவரை இருவர் இருவராக விளையாட விட நினைக்கும் ஆசிரியர் எத்தனை வகையில் இணைக்கலாம்? முதல் மாணவனுக்குத் துணை, மற்றை ஐவருள் ஒருவன். எஞ்சிய நால்வருள் ஒருவனுக்குத் துணை, மற்றை மூவருள் ஒருவன். கடைசி இருவர் தாமே துணை. ஐந்தை மூன்றால் பெருக்கப் பதினைந்து. இப்பதினைந்து இணைப்புகளையும் மாணவன் தன் கையால் எழுத வேண்டும். எழுதினால் ஒன்று கண்ணிற்படும். முனைகள் இரண்டும் தமக்குள் இணைந்துகொள்ள, இடைவினையின் நான்கு புலங்களும் தமக்குள் இணைவன 3. முனை ஒவ்வொன்றும் இடைவினைப் புலம் ஒன்றைப் பற்றிக்கொள்ள, எஞ்சிய இரண்டு தமக்குள் இணைவன 12. அம்மூன்றும் ஒரே மதிப்புடையன. இப்பன்னிரண்டும் ஒரே மதிப்புடையன. அங்ஙனமாயின் பதினைந்து கோவைகளை எழுதுவானேன்? இணைந்தவற்றிடையே கோடு கிழித்து இரண்டே படங்கள் வரைந்தால் போதும். முதற்படத்தில் ஒரு தனிக்கோடும், அதனருகே 8 என்னும் எண்ணின் வடிவில் ஒரு துண்டும் நிற்கும். இரண்டாம் படத்தில் ஒரு கோடும் அதன் நடுவே ஒரு வளையமும் நிற்கும். முன்னதற்கு 3ஐ 24ஆல் வகுக்க எட்டிலொன்று. பின்னதற்கு 12ஐ 24ஆல் வகுக்க இரண்டிலொன்று.

படத்தின் சமச்சீர்க்கேற்ப வகுக்க என்று பட்டியலில் மறைபொருள் போலக் கிடந்த நெறி இதுதான்! எண்ணிப் பார்த்தவனுக்கு அது வெறும் எண்ணிக்கை. எண்ணாதவனுக்கு அது மந்திரம்.

படம் என்பது யாது என்னும் வினாவிற்கும் விடை இங்கேயே கிடைத்துவிடுகின்றது. படம் இயற்கையின் ஒளிப்படம் அன்று. இணைப்புகளைக் குறித்துவைத்த கணக்கேடு. உள்கோடு என்பது இரண்டு புலங்கள் இணைந்ததன் குறிப்பு. அதற்குரிய கோவையைப் பரப்பி என்பர். அக்கோட்டின் வழியே துகள் ஓடிற்று என்று கூறுதல், வரவுசெலவு ஏட்டில் இரண்டு பெயர்களிடையே கிழித்த கோட்டின்மீது பணம் நடந்து சென்றது என்று கூறுவதை ஒக்கும். போக்கோனோவில் போருக்கு அன்றே இதனைச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

தனித்து நிற்கும் துண்டுகளை விட்டுவிடுக என்னும் நெறியும் இவ்வாறே விளங்கும். இடைவினை புகுந்ததும் துகள் மட்டும் மாறவில்லை, வெறுவெளியே மாறிவிட்டது. மாறிய வெறுவெளியின் மதிப்பால் முழுக்கோவையையும் வகுத்தாக வேண்டும். வகுக்குங்கால், மேலே நின்ற தனித்துண்டுகளும் கீழே நின்ற தனித்துண்டுகளும் ஒன்றையொன்று அடித்து நீங்குகின்றன. அவை வேண்டாதவை என்பதால் எறியப்பட்டனவல்ல, வகுத்ததனால் நீங்கின. கழித்தற்குறி நெறியோ இன்னும் எளிது. எதிர்மின்னிப் புலங்கள் இரண்டு இடம் மாறினால் குறி மாறும். ஒரே நிலையில் இரண்டு எதிர்மின்னிகள் இரா என்னும் பவுலியின் விலக்கு அதனுள் அடக்கம். மூடிய வளையத்தில் இணைய வேண்டிய புலங்களை இணையிணையாக அடுத்து நிறுத்த, தொடக்கத்தில் நிற்கும் புலம் மற்றெல்லாவற்றையும் கடந்து இறுதிக்குச் செல்ல வேண்டியுளது. கடக்கப்படும் புலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. ஆகவே ஒரு கழித்தற்குறி எஞ்சுகின்றது. மாணவனுக்கு இதனைக் காட்ட அரைமணி நேரம் போதும்.

அங்ஙனமாயின் ஒவ்வொரு கணக்கிற்கும் இவ்வாறு எண்ணிக்கொண்டே இருப்பதோ எனின், அன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே இடைவினை இருமுறை நிகழுமாயின் புலங்கள் பத்து, இணைப்புகள் 945. எதிர்மின்னியின் காந்தத் திறனில் காணும் சிறு மிகுதியைக் கணக்கிட முதற்படியில் ஒரே படம் போதும். சுவிங்கர் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற விடை அதற்குரியது. இரண்டாம் படியில் 7 படங்கள், மூன்றாம் படியில் 72, நான்காம் படியில் 891, ஐந்தாம் படியில் 12,672. ஐந்தாம் படியின் விடையைக் கினோசிட்டாவும் அவர் குழுவினரும் 2012இல் கணிப்பொறிகளின் துணையால் வெளியிட்டனர். இத்தகைய கணக்குகளில் நெறிகள் இன்றி ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. (நெறி இருந்தும் கை பிழைக்கலாம். இரண்டாம் படியின் ஏழு படங்களைக் கார்ப்புலசு, குரோல் இருவரும் 1950இல் கணக்கிட்டுத் தந்த எண் பிழையுடையது என்பது 1957இல்தான் வெளிப்பட்டது.) நெறிகள் வேண்டா என்பார் எவருமிலர். நெறிகளை எழுதியவன் கையும் அவற்றைப் பயன்படுத்துவோன் கையும் ஒருமுறையேனும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது.

எதிர்வழக்காடுவோர் கையில் வலிய சான்று ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 1973இல் ஐரோப்பியரின் செர்ன் ஆய்வுநிலையத்திலிருந்து தூப்டு, வெல்ட்மன் என்னும் ஆலந்து நாட்டறிஞர் இருவர் ஓர் ஆய்வேட்டை வெளியிட்டனர். படத்தைக் குறிக்கும் சொல்லையும் இலக்கணத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி அதற்கு டயகிராமர் என்று பெயரிட்டனர். படவிலக்கணம் என்று அதனைத் தமிழாக்கலாம். தமிழ்ப்புலவர் எவர்க்கும் இப்பெயர் இனிக்கும். அவ்வேடு புலங்களிலிருந்து தொடங்கவில்லை. படங்களையும் நெறிகளையுமே அடிப்படையாக வைத்துத் தொடங்கியது. அவ்விருவர்க்கும் 1999இல் நோபல் பரிசும் கிடைத்தது. காண்க, நெறியிலிருந்து தொடங்குதல் பெரியோர் வழி என்பர் எதிர்வழக்காடுவோர். ஆயின் அவ்விருவரும் பட்டியலை உருப்போட்டுவிட்டு வாளா இருந்தாரல்லர். நிகழ்தகவுகளின் தொகை ஒன்றாதலையும், விளைவு அதன் ஏதுவிற்கு முற்படாமையையும் அப்படங்களைக் கொண்டே நிறுவினர். ஏணியின் மேற்படியில் நின்று கீழ்நோக்கி இறங்கினாலும் ஏணி முழுவதையும் மிதித்தவர் அவர். மேற்படியிலேயே பிறந்து, கீழே படிகள் இருப்பதை அறியாதவர்க்கு அவர்தம் பெயரைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

வருவிக்காமல் நெறிகளை விரித்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டுவதில்லை, பெயின்மனே சான்று. 1962 சூலையில் போலந்து நாட்டு வார்சாவிலும் அதனையடுத்த யாப்பிளோனாவிலும் நடந்த கருத்தரங்கில் அவர் ஈர்ப்பைப் பற்றிப் பேசினார். மின்காந்தத்திற்குப் பொருந்திய நெறிகளை ஈர்ப்பிற்கும் விரித்துப் பார்த்திருந்தார். வளையமில்லாப் படங்கள் நன்றாக வந்தன. வளையம் ஒன்று புகுந்ததும் நிகழ்தகவுகளின் தொகை ஒன்றாக நிற்கவில்லை. போக்கோனோவில் திராக் கேட்ட கேள்வி மீண்டும் எழுந்து வந்து நின்றது! இன்னும் எளியதில் முயன்று பாரும் என்று கெல்மான் கூறியபடி, யாங்கு, மில்சு இருவரும் 1954இல் அமைத்த கொள்கையில் முயன்றார். அங்கும் அதே இடர். இல்லாத துகள் ஒன்று இருப்பதாகக் கொண்டு அதன் வளையத்தைக் கழித்தால் கணக்கு நேராகின்றது என்று கண்டார். ஒரு வளையத்திற்கு அது போதியதாயிற்று. இரண்டு வளையம் வந்தால் செய்வது யாது என்பது தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் ஒளிக்காமலே கூறினார். பெருமக்கள் பெருமை அது.

விடை 1967இல் வந்தது. இலெனின்கிராட்டில் பணியாற்றிய பதேயவ், பாப்பவ் என்னும் உருசிய அறிஞர் இருவர், பெயின்மனே முன்னர் வகுத்த வழித் தொகையீட்டிலிருந்து, அதாவது நிகழக்கூடிய வழிகள் அனைத்தையும் கூட்டும் முறையிலிருந்து, நெறிகளை முறையாக வருவித்தனர். இத்தகைய கொள்கைகளில் ஒரே இயற்கை நிலைக்கு எழுத்துவடிவங்கள் பலவாக உள்ளன. ஒரே சொல்லின் பலவேறு எழுத்து வேறுபாடுகளைத் தனித்தனிச் சொற்களாக எண்ணிவிட்டால் அகரமுதலியின் சொற்றொகை பொய்யாகும் அன்றோ? அதைப் போன்றதே இவ்விடரும். மிகையாக எண்ணியதை வகுத்து நீக்க வேண்டும். வகுத்து நீக்கும் செயல் கணக்கில் புதியதொரு புலமாக வந்து நிற்கின்றது. பெயின்மன் கழித்த இல்லாத துகள் இப்புலத்தினுடையதே. இப்புலத்தின் வளையத்திற்கும் கழித்தற்குறி உண்டு. ஆயின் இது எதிர்மின்னி போன்றதன்று, தற்சுழற்சி இல்லாதது. எதிர்மின்னி வளையத்திற்கே கழித்தற்குறி என்று உருப்போட்டவன் இவ்விடத்தில் தடுமாறுவான். குறி எதனால் வருகின்றது என்று எண்ணியவன் தடுமாறான். இந்நெறிகளைக் கொண்டே 1971இல் மேற்கூறிய தூப்டு, யாங்கு-மில்சுக் கொள்கை முரண்பாடின்றி நிற்கும் என்பதைக் காட்டினார்.

இத்துறைச் சொற்களைத் தமிழில் ஆக்க முனைவோர்க்கும் இஃது ஒரு பாடம். புலங்களை இரண்டிரண்டாக இணைக்கும் செயலை ஆங்கிலத்தார் காண்டிராக்சன் என்பர். அகரமுதலியைப் புரட்டிச் சுருக்கம் என்று பெயர்த்துவிடலாம். ஆனால் அங்கே சுருங்குவது ஒன்றுமில்லை, இணைவதே உண்டு. வருவித்தவன் இணைப்பு என்பான். உள்கோட்டிற்கு மெய்நிகர் துகள் என்னும் வழக்கு நூல்களில் பரவிவிட்டது. துகள் என்ற சொல்லே கற்போனை மீண்டும் தடத்திற்கு இழுத்துச் செல்கின்றது. உள்கோடு என்றே வழங்கினால் என்ன குறை? பதேயவ், பாப்பவ் கண்ட புலத்திற்கு ஆங்கிலத்தில் பேய் என்னும் பொருளுடைய பெயர் உண்டு. அதனைப் பேய்ப்புலம் என்று அப்படியே பெயர்ப்பது நகைப்பிற்கே இடமாகும். மிகை எண்ணிக்கையை ஈடுசெய்ய வந்ததாகலின் ஈடுசெய் புலம் என்னலாம். சொல்லாக்கம் அகரமுதலி வேலை என்று கருதுவோர், ஒரு கணக்கையாவது தொடக்கத்திலிருந்து செய்து பார்த்தல் நன்று. தமிழில் வழக்கிலிருக்கும் கலைச்சொற்களுள் பல, பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் கண்டு பெயர்த்தவை.

நூல்கள் இல்லாமையால் இக்குறை நேர்ந்தது என்று கூறவும் இயலாது. 1964இல் பியார்க்கன், திரெல் ஆகிய இருவர் எழுதிய நூலின் முதற்பகுதி, பெயின்மன் வழியில் உள்ளுணர்வைத் துணைக்கொண்டு நெறிகளைத் தந்தது. 1965இல் வந்த இரண்டாம் பகுதி அவற்றைப் புலங்களிலிருந்து வருவித்தது. முதற்பகுதியோடு நின்றவர் தவறு அந்நூலாசிரியர் தவறன்று. பெசுகின், சுரோடர் ஆகியோர் 1995இல் வெளியிட்ட பாடநூல் நான்காம் இயலில் தைசன் தொடரையும் விக் தேற்றத்தையும் கொண்டு வருவிக்கின்றது. பின்னர் ஒன்பதாம் இயலில் வழித் தொகையீட்டைக் கொண்டு மீண்டும் வருவிக்கின்றது. ஒரே ஊருக்கு இரண்டு வழி. இரண்டிலும் நடந்தவனே ஊரின் திசை அறிவான். ஆயின் பருவத்தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் முதலில் விட்டுவிடுவது இப்பக்கங்களையே. பட்டியலை எழுதிப்போட்டுக் கணக்கிற்குச் சென்றுவிடுகின்றனர். மாணவர்க்கும் அது இனிக்கின்றது. வேலைக்குரிய தேர்வுகளில் வருவித்தலை எவரும் வினவுவதில்லை என்னும் துணிவு அவர்க்கு.

செய்யத்தக்கது பெரிதன்று. முதல் மூன்று கிழமைகள் பட்டியலை மாணவர் கண்ணில் காட்டாதிருத்தல் வேண்டும். தன்னொடு தானே கூடும் எளிய புலத்தைக் கொடுத்துப் பதினைந்து இணைப்புகளையும் எழுதச் செய்க. பின்னர் இடைவினை இருமுறை நிகழும் உறுப்பைக் கொடுக்க. 945 இணைப்புகளையும் எழுத வேண்டுவதில்லை. கணுக்கள் இரண்டையும் மூன்று கோடுகள் ஒருங்கே இணைக்கும் படம் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்குரிய இணைப்புகள் எத்தனை என்று எண்ணச் சொல்க. முதல் முனை கணு ஒன்றைப் பற்ற நான்கு வகை, அடுத்த முனை மற்றைக் கணுவைப் பற்ற நான்கு வகை, எஞ்சிய மும்மூன்று புலங்கள் தமக்குள் இணைய ஆறு வகை, கணுக்கள் இரண்டும் இடம் மாறுவதால் இரண்டு மடங்கு: ஆக 192. வகுஎண் 24ஐ 24ஆல் பெருக்கி, மீண்டும் இரண்டால் பெருக்க 1152. ஆறிலொன்று என்னும் விடை மாணவன் கையிலேயே பிறக்கும். அதன்பின் எதிர்மின்னியைக் கொடுத்துக் குறி மாற்றத்தைக் காணச் செய்க. நான்காம் கிழமையில் பட்டியலை அவனையே எழுதச் சொல்க. ஆசிரியர் எழுதிப்போட வேண்டுவதில்லை. தேர்வுத்தாளிலும், இப்படத்தின் மதிப்பைக் காண்க என்னும் வினாவோடு, இப்படத்தின் முன்னுள்ள ஆறிலொன்று எங்ஙனம் வந்தது என்னும் வினாவும் ஆண்டுதோறும் இடம்பெறுமாயின், எண்ணிப் பார்க்குமாறு எவரும் மாணவரை வற்புறுத்த வேண்டியிராது.